தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி நரம்பை அறுத்தால்: தைத்த பிறகு கையைப் பார்க்கும் விதம்

மணிக்கட்டில் அறுந்த நரம்பைத் தைத்த உடனே உணர்வு வராது. வெட்டுக்கு அப்பால் விரல் பக்கமுள்ள நரம்பிழை முதலில் சிதையும். 1850இலேயே வாலர் என்ற ஆங்கிலேய உடலியலாளர் இதைக் காட்டினார். பிறகு வெட்டுக்கு மேலிருந்து புது இழை நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் வளரும். விரல் நுனிக்கு 15 சென்ரிமீற்றர் என்றால் ஐந்தாறு மாதமாவது பிடிக்கும்.

மாதம் ஒருமுறை நரம்பின் வழியே, விரல் பக்கமிருந்து மேலாக மெல்லத் தட்டுங்கள். 'சுர்'ரென்று விரலுக்கு ஓடும் இடம் போன மாதத்தைவிட விரலை நெருங்கியிருந்தால் இழை வளர்கிறது. நகராமல் நின்றால் உடனே கிளினிக்கில் சொல்லுங்கள். ஒன்றரை வருடம் நரம்பு எட்டாத தசை மீள்வது அரிது.

அதுவரை பெரிய ஆபத்து நெருப்புத்தான். நுவரெலியாக் குளிரில் மரத்த கையை லயத்து (தோட்டக் குடியிருப்பு) அடுப்பருகே நீட்டினால், தோல் வெந்தாலும் தெரியாது. வெந்நீரை மற்றக் கையால் தொட்டுப் பாருங்கள். கட்டைக் கழற்றி டொக்டர் அனுமதித்ததும், மறுகையால் ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டுங்கள். மூட்டு இறுகினால் நரம்பு வந்தும் கொழுந்து கிள்ள முடியாது.