தினம் ஒரு போட்டோ: எங்கே சறுக்குகிறது?

தினம் ஒரு போட்டோ எடுக்கப் போகிறேன் என்று ஜனவரி 1ஆம் தேதி கிளம்புகிறவர்களில் பலர் பொங்கல் தாண்டுவதற்குள் ஓய்ந்து விடுகிறார்கள். கேட்டால் நேரமில்லை என்பார்கள். ஒரு படம் எடுக்க அரை நிமிடம் போதும், அதனால் இந்தச் சமாதானத்தை நான் நம்புவதில்லை. எடுக்க எதுவும் இல்லை என்று நாலாம் நாளே அலுத்து விடுகிறது, அதுதான் விஷயம். தினமும் ஒரு 'நல்ல' படம் வேண்டும் என்று நினைத்தால் அப்படித்தான் அலுக்கும்.

முதல் தவறு இதுதான். பெங்களூர்க்காரர் என்றால் லால்பாக் கண்ணாடி மாளிகை, கப்பன் பார்க், விதான சவுதா, அல்சூர் ஏரியில் சூரிய உதயம் என்று முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் தீர்த்து விடுவார். எட்டாம் நாள் வேலை நாள், சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர இரவு எட்டரை. அன்றைக்கு எதை எடுப்பது? சிக்னலில் முன்னால் நின்ற ஆட்டோவை எடுத்திருக்கலாமே. கன்னட நடிகர் சங்கர் நாக் இறந்தது 1990இல், இன்னமும் அவர் முகம் இந்த ஊர் ஆட்டோக்களின் முதுகில் ஊர்வலம் போய்க்கொண்டிருக்கிறது, இந்தக் காட்சி வேறு எந்த ஊரில் கிடைக்கும்? சுமாரான படம்தான், ஆனால் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் விதான சவுதா படத்தைவிட இதில்தான் அந்த நாள் இருக்கும்.

இயற்கை என்றாலே நந்தி மலைக்குப் போக வேண்டும் என்று நினைப்பது அடுத்தது. பிப்ரவரி, மார்ச்சில் டபேபுயா மரங்கள் ரோஸ் நிறத்தில் கொட்டும்போது ஊரே போனைத் தூக்கிக்கொண்டு நிற்கும், அது உச்சத்தில் இருக்கும் சில நாட்களுக்குத்தான் கூட்டம், அப்புறம் அந்த மரத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் தெருவிலேயே ஒரு புங்கை மரம் இருக்கும், பெங்களூரில் இல்லாத தெரு குறைவு. கோடை தொடங்கும்போது பழைய இலையெல்லாம் உதிர்ந்து சட்டென்று பளபளவென இளம் பச்சைத் துளிர் வரும், சில வாரங்களில் வெள்ளையும் இளம் ஊதாவுமாகப் பூத்து, காலையில் கீழே நிற்கும் ஸ்கூட்டர் சீட்டில் பொரி கொட்டியது போலக் கிடக்கும். கிட்டே போய்ப் பாருங்கள், ஒவ்வொரு பூவும் அவரைப் பூவைப் போலவே இருக்கும், இரண்டும் ஒரே குடும்பம். அப்புறம் தட்டைக் காய், அடுத்த கோடைக்கு முன் மறுபடி இலை உதிர்வு. வாரம் ஒரு முறை அதே இடத்தில், அதே காம்பவுண்ட் சுவர் மூலை படத்தின் ஓரத்தில் வருகிற மாதிரி நின்று எடுங்கள். நிற்கும் இடம் மாறிவிட்டால் மரம் மாறியதா நீங்கள் நகர்ந்தீர்களா என்று பின்னால் தெரியாது. இதைத் தினமும் செய்யாதீர்கள், போரடித்து விடும்.

ஒரு நாள் விட்டுப் போனால் மொத்தத்தையும் நிறுத்துவது எல்லாரும் செய்வது. ஜேமி லிவிங்ஸ்டன் என்ற நியூயார்க்காரர் 1979 மார்ச் 31 முதல் 1997 அக்டோபர் 25இல் இறக்கும் வரை போலராய்டு கேமராவில் நாளுக்கு ஒன்று என்று எடுத்து வந்தார், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். அவர் தொகுப்பிலேயே விடுபட்ட நாட்கள் உண்டு, அதனால் அந்தப் பதினெட்டு வருடத்துக்கு ஒன்றும் குறைந்து போகவில்லை. விட்ட நாளை வெற்றிடமாகவே விடுங்கள். மறுநாள் இரண்டு எடுத்து ஒன்றுக்கு நேற்றைய தேதி போடுவது மட்டும் வேண்டாம், யாரை ஏமாற்றுகிறோம்?

இதைவிட மோசமானது, தினமும் முப்பது நாற்பது என்று சுட்டுத் தள்ளிவிட்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேர்ந்தெடுக்கலாம் என்று வைப்பது. அந்த ஞாயிறு வரவே வராது. அன்று இரவே ஒன்றை எடுத்து வைத்து ஒரு வரி எழுதுங்கள். 'அழகான மாலை' என்று எழுதினால் பிரயோஜனமில்லை, படத்தில் தெரியாததை எழுத வேண்டும்: 'முனைக் கடையில் மல்லி முழம் 40, நேற்று 30, நாளைக்கு வரலட்சுமி நோன்பு.' கூடையும் பூவும் படத்தில் தெரியும், விலை தெரியாது. போன் தேதியைத் தானே பதிந்து வைக்கிறது என்பீர்கள், சரி, ஆனால் ஏன் எடுத்தோம் என்பதை அது பதியாது.

வெளிச்சத்தைப் பற்றி எல்லாரும் சொல்வதுதான், உச்சி வெயிலில் எடுத்தால் முகத்தில் கண் இருக்கும் இடம் கறுப்புக் குழியாகி விடும். காலையில் எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இந்த ஊரில் ஜனவரி கடைசியில் சூரியன் உதிப்பது ஆறே முக்காலுக்கு, மே கடைசியில் ஆறுக்கும் முன்னால், அலாரத்தை மாற்றாமல் விட்டால் வெளிச்சம் கையை விட்டுப் போகும். உச்சி வெயிலுக்கும் ஒரு நாள் உண்டு: பெங்களூர் 13 டிகிரி வடக்கில் இருப்பதால் ஏப்ரல் 24 வாக்கில் ஒரு முறை, ஆகஸ்ட் 18 வாக்கில் ஒரு முறை சூரியன் நேர் உச்சிக்கு வரும், பன்னிரண்டேகாலை ஒட்டி கொடிக்கம்பத்துக்கு நிழலே விழாது. ஆகஸ்டில் மேகம் கெடுக்கும், ஏப்ரலை நம்புங்கள்.

போனை எடுத்ததும் லென்ஸைத் துடையுங்கள், மங்கலான படங்களில் முக்கால்வாசி கைரேகைதான். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னால் போங்கள். வானம் வெளுத்துப் போனால் திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள், போதும்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள், கேட்டால் இயல்பு போய்விடும் என்ற வாதமெல்லாம் எனக்கு ஒப்பாது. சிட்டி மார்க்கெட் பூக்கடைகளில் தமிழ் தெரிந்தவர்கள் நிறைய, "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால் விவகாரம் முடிந்தது, தமிழ் தெரியாத இடத்தில் அதையே கன்னடத்தில் "ஒந்து போட்டோ தெகீலா?" என்றாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். முதலில் எடுத்தது விறைப்பாக இருக்கும், அடுத்த வியாபாரம் வரும் வரை நின்றால் அவர்கள் உங்களை மறந்து விடுவார்கள். மற்றவர் குழந்தைகளை எடுக்காதீர்கள். அல்சூர் ஏரியை ஒட்டி மெட்ராஸ் சாப்பர்ஸின் ராணுவ வளாகம் இருக்கிறது, பறவையைத் துரத்திக்கொண்டு போய் அந்தச் சுவர் பக்கம் கேமராவைத் திருப்பி வைக்காதீர்கள்.

கடைசியாகச் சேமிப்பு. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1உடன் முடிந்தது, இப்போது மெயிலும் சேர்த்து 15 ஜிபிதான். தினம் ஒன்றுதான் என்றால் இடம் ஒரு பிரச்சினையே இல்லை, ஒரு படம் 4 எம்பி என்று வைத்தாலும் வருடத்துக்கு ஒன்றரை ஜிபி வராது. மாதத்துக்கு ஒரு முறை வேறு ஒரு ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். குடும்ப வாட்ஸப் குரூப்பில்தான் எல்லாம் இருக்கிறதே என்று இருந்து விடாதீர்கள், அங்கே சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி, இடம் போன்ற விவரமும் கழன்று போகும். அங்கேதான் போடுவேன் என்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.