பிஎஸ்எல்இ கணிதம்: பயிற்சிப் புத்தகம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

பிள்ளை தொடக்கநிலை 6-க்குப் போகப்போகிறது என்றால் சிங்கப்பூரில் டிசம்பர் விடுமுறையிலேயே பரபரப்பு தொடங்கிவிடும். அந்த வகுப்பில்தான் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. புத்தகக் கடையில் தடிதடியாக நாலைந்து பயிற்சிப் புத்தகங்கள் வாங்கி மேசையில் அடுக்கிவிட்டு, "ஒரு நாளைக்கு நாலு பக்கம்" என்று அட்டவணை போடுவார்கள். மார்ச் மாதத்துக்குள் பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.

துணைப்பாடம் (டியூஷன்) எடுக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: எத்தனை கணக்குப் போட்டது என்பதைவிட, பிள்ளை எந்த இடத்தில் மார்க்கை விடுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். முதல் முறையாகப் பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பும் பெற்றோருக்காக, அதிலும் ஊரில் படித்துவிட்டு இங்கே வந்து "இந்த மாடல் கணக்கு என்னவென்றே புரியவில்லை" என்பவர்களுக்காக, வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: தேர்வை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்

கணிதத்துக்கு இரண்டு தாள். மொத்தம் 100 மார்க், இரண்டரை மணி நேரம். முதல் தாளில் கால்குலேட்டர் கூடாது. பல தெரிவுக் கேள்விகளும் குறுவிடைக் கேள்விகளும் வரும். இரண்டாம் தாளில் கால்குலேட்டர் உண்டு. சில குறுவிடைகள் போக, மற்றவை செய்முறை எழுத வேண்டிய பெரிய கணக்குகள். முன்பு 45, 55 என்று இருந்த மார்க் பிரிப்பு 2026 முதல் 50, 50 ஆகிவிட்டது. பாடத்திட்டமும் மாறியிருக்கிறது. அண்ணனோ அக்காவோ வைத்துவிட்டுப் போன பழைய புத்தகத்தில் வேகம், தூரம், நேரம் என்று பெரிய பாடம் இருக்கும். அது இப்போது உயர்நிலைக்குப் போய்விட்டது. அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடலாம்.

மதிப்பீடு ஏஎல் (Achievement Level, அடைவுநிலை) முறையில். 90-ம் அதற்கு மேலும் ஏஎல் 1, 85 முதல் 89 வரை ஏஎல் 2, 80 முதல் 84 வரை ஏஎல் 3, 75 முதல் 79 வரை ஏஎல் 4. அதற்குக் கீழே படிகள் அகலமாகிவிடும்: 65 முதல் 74 வரை ஏஎல் 5, 45 முதல் 64 வரை ஏஎல் 6. இதை ஏன் சொல்கிறேன் என்றால், 62 எடுக்கும் பிள்ளைக்கு மூன்று மார்க் கூடினால் ஒரு படி ஏறிவிடும். அந்த மூன்று மார்க் கடைசிப் பக்கத்து ஐந்து மார்க் கணக்கில் இல்லை. பெரும்பாலும் முதல் தாளிலேயே கிடக்கிறது.

படி 2: ஒரு தாள், மூன்று நிறப் பேனா

பள்ளியில் அரையாண்டுத் தேர்வே இப்போது கிடையாது. அதனால் பிள்ளையின் நிலையை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிள்ளை ஏற்கெனவே எழுதித் திருத்தி வந்த தாள் ஒன்றை எடுங்கள். மார்க் போன ஒவ்வோர் இடத்தையும் மூன்றில் ஒரு வகையில் சேருங்கள்.

சிவப்பு: பாடமே புரியவில்லை.
நீலம்: பாடம் தெரியும், கேள்வி என்ன கேட்கிறது என்று பிடிபடவில்லை.
பச்சை: எல்லாம் தெரியும், கணக்குப் போடுகையில் தவறியது.

சிவப்புக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரிய ஒரு வழி: கேள்வியைப் பிள்ளையை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு தாளை மூடிவிட்டு, எண்களை விட்டுவிட்டு, நடந்ததைக் கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். "அவன் பணத்துல கொஞ்சம் செலவு பண்ணான், மிச்சத்துல இன்னும் கொஞ்சம் செலவு பண்ணான்" என்று சொல்லிவிட்டால் கேள்வி புரிந்திருக்கிறது, சிக்கல் பாடத்தில். கதையே வரவில்லையென்றால் நீலம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை தமிழில் சொல்லட்டும், தப்பில்லை.

பச்சையைப் பார்த்ததும் "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். கவனமாக இரு என்று சொல்லி எந்தப் பிள்ளையும் கவனமாகிவிட்டதில்லை. என்ன தவறு என்று பெயர் வையுங்கள்: சென்டிமீட்டரை மீட்டராக மாற்றவில்லை, சொந்தக் கையெழுத்திலேயே 6-ஐ 0 என்று படித்துவிட்டது, கேட்டது "எத்தனை அதிகம்", எழுதியது மொத்தம். பத்துத் தவறைப் பட்டியல் போட்டால் அதில் ஏழு ஒரே வகையாக இருக்கும். அந்த ஒன்றைச் சரிசெய்தால் போதும்.

படி 3: மாடல் வரையக் கற்றுக்கொள்ளுங்கள் (பிள்ளையோடு நீங்களும்)

1980-களில் இங்குள்ள கல்வி அமைச்சு உருவாக்கிய முறை இது. தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று வைப்பதற்குப் பதிலாக ஒரு பட்டை வரைவது, அவ்வளவுதான். ஒரு கணக்கைப் பார்ப்போம்.

அருண் தன் பணத்தில் 2/5 பங்கைப் புத்தகத்துக்குச் செலவழித்தான். மீதியில் 1/4 பங்குக்குப் பேனா வாங்கினான். கடைசியில் 27 வெள்ளி (டாலர்) இருந்தது. முதலில் எவ்வளவு வைத்திருந்தான்?

நீளமாக ஒரு பட்டை வரையுங்கள். 5 சம கட்டங்கள். இரண்டில் "புத்தகம்" என்று எழுதுங்கள். மிச்சம் 3 கட்டம். அதற்கு நேர் கீழே, அந்த 3 கட்டத்தின் அதே நீளத்துக்கு இன்னொரு பட்டை. இதை 4 ஆகப் பிரியுங்கள். ஒன்று "பேனா". மற்ற மூன்றும் சேர்ந்து 27 வெள்ளி.

கீழ்ப் பட்டையில் 1 கட்டம் = 27 ÷ 3 = 9
4 கட்டம் = 36. இதுதான் மேல் பட்டையின் 3 கட்டம்.
மேல் பட்டையில் 1 கட்டம் = 36 ÷ 3 = 12
5 கட்டம் = 60

விடை 60 வெள்ளி. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 24 போனால் 36, அதில் 9 போனால் 27.

பிள்ளைகள் வழுக்குவது "மீதியில்" என்ற இடத்தில். 2/5-ஐயும் 1/4-ஐயும் கூட்டி 13/20 என்று எடுத்து, மிச்சம் 7/20 = 27 என்று போட்டால் 77 வெள்ளி 14 காசு என்று வரும், அதுவும் முழுதாக வகுபடாமல். பட்டை வரைந்த பிள்ளை இந்தத் தப்பைச் செய்யவே முடியாது, கீழ்ப் பட்டையை எங்கே வரைவது என்று கை கேட்கும்போதே "எதில் கால் பங்கு?" என்ற கேள்வி வந்துவிடும்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் எக்ஸ் வைத்து இரண்டு வரியில் முடித்துவிடுவீர்கள், தெரியும். சரியான முறை எதுவானாலும் மார்க் உண்டு. ஆனால் பள்ளியில் மாடல், வீட்டில் எக்ஸ் என்று இரண்டு பக்கமும் இழுத்தால் பிள்ளை இரண்டையும் பாதியில் விடும். மாடலில் ஓடிப் பழகிய பிள்ளைக்கு, இந்த வருடம் முடிந்த பிறகு எக்ஸ் தானாகவே எளிதாகும்.

படி 4: "எது மாறவில்லை?"

விகிதக் கணக்கில், முன்பு இப்படி, பிறகு அப்படி என்று வந்தால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. பெரும்பாலும் மூன்று விடைதான் இருக்கும்.

ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தால் மொத்தம் மாறாது. கவினிடமும் மீராவிடமும் உள்ள அட்டைகளின் விகிதம் 3 : 1. கவின் 20 அட்டை கொடுத்ததும் இருவருக்கும் சமம். மொத்தம் 4 யூனிட் (சம பங்கு), ஆளுக்கு 2 யூனிட். ஆக, கை மாறியது 1 யூனிட், அதுதான் 20. மொத்தம் 80.

இருவரும் ஒரே அளவு செலவழித்தால் வித்தியாசம் மாறாது. வயதுக் கணக்கும் இதே கதைதான். ஒருவர் மட்டும் செலவழித்தால் மற்றவருடையது மாறாது.

பழைய தாள்களிலிருந்து பத்து விகிதக் கணக்கை எடுத்து, விடை கண்டுபிடிக்க வேண்டாம், எந்த வகை என்று மட்டும் சொல் என்று கேட்டுப் பாருங்கள். கால்மணி நேர வேலை. பத்தையும் முழுதாகப் போடுவதைவிட இதற்குப் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

படி 5: செய்முறை எழுதும் பழக்கம்

பெரிய கணக்குகளில் செய்முறைக்கும் மார்க் உண்டு. வழி சரியாக இருந்து கடைசி வகுத்தலில் தவறினால் முழுதும் போகாது. விடையை மட்டும் எழுதி அது தப்பானால் ஒன்றும் மிஞ்சாது. கால்குலேட்டரில் தட்டிவிட்டு விடையை மட்டும் எழுதும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். என் வகுப்பில் ஒரு விதி: கால்குலேட்டரில் தட்டுவதற்கு முன்பே அந்த வரி தாளில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, வட்டக் கணக்கில் பை மதிப்பு 22/7-ஆ, 3.14-ஆ, கால்குலேட்டரில் உள்ளதா என்று கேள்வியிலேயே இருக்கும். அதைக் கோடிடச் சொல்லுங்கள்.

முதல் தாளுக்கு வாய்ப்பாடு வேண்டும். 12 வரை திக்காமல் வர வேண்டும். 1/8 என்றால் 0.125, 12.5 விழுக்காடு என்று வாயில் நிற்க வேண்டும். எம்ஆர்டி ரயிலில் போகிற பத்து நிமிடம் இதற்குப் போதும்.

படி 6: கடிகாரம்

ஜூன் விடுமுறை வரை நேரம் பார்க்க வேண்டாம். அதன் பிறகு, வாரம் ஒரு முழுத் தாள் நேரம் வைத்து. 150 நிமிடத்துக்கு 100 மார்க் என்றால் ஒரு மார்க்குக்கு ஒன்றரை நிமிடம். நாலு மார்க் கணக்குக்கு ஆறு நிமிடம். ஆறு நிமிடத்தில் வழி தெரியவில்லையா, கேள்வி எண்ணை வட்டமிட்டு நகர வேண்டும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது கஷ்டம். விட மனசு வராது. வட்டமிட்டு நகர்ந்தால் வீட்டில் யாரும் திட்டப்போவதில்லை என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும்.

ஆகஸ்ட் வாக்கில் பள்ளியில் பிரிலிம் (முன்னோட்டத் தேர்வு) வரும். பல பள்ளிகளில் தாள் கடினமாகவே இருக்கும். அந்த மார்க்கைப் பார்த்துப் புதிதாக ஒரு டியூஷன் சேர்க்காதீர்கள். அந்தத் தாளை எடுத்து மறுபடியும் மூன்று நிறப் பேனா. முதலில் பார்த்தபோது இருந்த சிவப்பு எத்தனை பச்சையாக மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தேர்வுக்கு முந்தின வாரம் புதுக் கணக்கு வேண்டாம். பழைய தவறுகளின் பட்டியலை மட்டும் ஒருமுறை பார்க்கட்டும். கால்குலேட்டர் தேர்வு வாரியம் அனுமதித்த மாடல்தானா என்று பாருங்கள். ஆண்டு முழுதும் பழகிய அதையேதான் கொண்டுபோக வேண்டும், கடைசி நேரத்தில் புதிது வாங்கிக் கொடுக்காதீர்கள்.