மயக்கத்தில் சுருங்கும் நுரையீரல்: திறந்தால் மட்டும் போதாது

அறுவை சிகிச்சை நடுவில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் நிறைவு) 93 சதவீதத்துக்கு இறங்கினால் கை நேராக ஆக்சிஜன் குமிழுக்குத்தான் போகும். 100 சதவீதம் வைத்ததும் எண் ஏறிவிடும், ஆனால் சுருங்கிய நுரையீரல் அப்படியேதான் கிடக்கும். போதாக்குறைக்கு நைட்ரஜன் இல்லாத காற்றறைகளில் உள்ள ஆக்சிஜனை ரத்தம் உறிஞ்சிவிட, அவையும் சேர்ந்து மூடிக்கொள்ளும்.

பொது மயக்கத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு இந்தச் சுருக்கம் வருகிறது, அதுவும் மயக்க மருந்து உள்ளே போன சில நிமிடங்களிலேயே. அதனால் மயக்கும் முன்பே தலைமாட்டை 25–30 டிகிரி உயர்த்திவிடுங்கள், குண்டானவர்களுக்குக் கட்டாயம். அந்தக் கட்டத்தில் 100 சதவீத ஆக்சிஜன் உயிர்க்காப்பு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். மூச்சுக்குழாயில் டியூப் சரியாக உட்கார்ந்ததும் 30–40 சதவீதத்துக்கு இறக்கலாம். டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் போகும் காற்றின் அளவு, கிலோவுக்கு 6–8 மி.லி., ஆனால் எடையை உயரத்திலிருந்து கணக்கிடுங்கள், 160 செ.மீ. உயரமுள்ள ஆண் 100 கிலோ இருந்தாலும் கணக்குக்கு 57 கிலோதான்.

சரி, சாச்சுரேஷன் இறங்கியேவிட்டது. முதலில் இரண்டு பக்கமும் ஸ்டெதாஸ்கோப் வையுங்கள், லேப்பரோஸ்கோபியில் (சிறு துளை வழி அறுவையில்) வயிற்றில் வாயு ஏறியதும் டியூப் வலது கிளை மூச்சுக்குழாய்க்குள் நழுவுவது உண்டு. சளி, டியூப் மடிப்பு, நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுவது) எதுவும் இல்லை, பிளட் பிரஷரும் நன்றாக இருக்கிறது என்றால் ரெக்ரூட்மென்ட், அதாவது அழுத்தம் கொடுத்து மூடிய காற்றறைகளைத் திறப்பது, செய்யலாம். 20 செ.மீ. நீர் அழுத்தத்துக்கெல்லாம் மூடியது திறக்காது, 40 வேண்டும், 7–8 நொடி போதும். பையை அமுக்கிச் செய்தால் வென்டிலேட்டருக்கு மாற்றும் அந்த ஒரு கணத்தில் அழுத்தம் விழுந்து, திறந்தது மறுபடி மூடும். அதைவிட வென்டிலேட்டரிலேயே பீப்பை (மூச்சு வெளியேறிய பிறகும் நுரையீரலில் விட்டுவைக்கும் அழுத்தம்) 5, 10, 15, 20 என்று ஏற்றி, ஒவ்வொரு படியிலும் சில மூச்சு விட்டு, உச்ச அழுத்தம் 40-ஐ எட்டியதும் மெல்ல இறக்குவது எனக்குப் பிடித்த முறை. பிரஷர் சரிந்தால் உடனே நிறுத்துங்கள். நுரையீரலில் புல்லா (வெடிக்கக்கூடிய பெரிய காற்றுப் பை) உள்ளவர்களுக்கும் மூளை அழுத்தம் கூடியவர்களுக்கும் இது வேண்டாம்.

திறந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் சி.டி. எடுத்துப் பார்த்தபோது, 100 சதவீத ஆக்சிஜனில் 5 நிமிடத்துக்குள் சுருக்கம் திரும்பிவிட்டது, 40 சதவீதத்தில் 40 நிமிடம் கழித்தும் பெரும்பாலும் திறந்தே இருந்தது. எனவே ஆக்சிஜனை இறக்குங்கள், பீப் 5–8 வையுங்கள். எல்லாருக்கும் 12 வைப்பதில் பெரிய லாபமில்லை, குண்டானவர்களிடம் நடந்து 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்விலேயே சிக்கல்கள் குறையவில்லை.

அப்புறம் எழுப்பும் நேரம். மூச்சு திரும்பட்டும் என்று வென்டிலேட்டரை அணைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், டியூப் எடுக்கும்வரை பீப் இருக்கட்டும். சளியை முன்கூட்டியே உறிஞ்சிவிடுங்கள், கடைசி நொடியில் டியூப்புக்குள் சக்ஷன் விட்டால் திறந்ததெல்லாம் வீண். தசைத் தளர்ச்சி மருந்தின் வேகம் முழுக்கத் தணிந்து டிஓஎஃப் விகிதம் (நரம்பைத் தூண்டித் தசை பலத்தை அளக்கும் எண்) 0.9-ஐத் தாண்டியபின், தலைமாட்டை உயர்த்தி எடுங்கள்.