"இதைச் சாப்பிட்டால் கேன்சர்" என்று செய்தி வந்தால் எப்படிப் படிப்பது

வாட்ஸப்பில் "இதில் கேன்சர் வரும், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது" என்று ஒன்று வந்தால் உடனே பயந்துவிடவும் வேண்டாம், பொய் என்று ஒதுக்கவும் வேண்டாம். அந்தப் பொருள் எந்தக் குரூப்பில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த, பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் ஐஏஆர்சி என்ற சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமைதான் பொருட்களை இப்படிக் குரூப் பிரித்துப் பட்டியல் போடுகிறது, இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். குரூப் 1 என்றால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி, 2ஏ என்றால் அநேகமாக உண்டாக்கும், 2பி என்றால் உண்டாக்கக்கூடும், 3 என்றால் முடிவு சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. குரூப் 3 என்பதைப் "பாதுகாப்பானது" என்று படித்துவிடாதீர்கள்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது, அந்தப் பொருள் எவ்வளவு கொடியது என்பதை அல்ல. சிகரெட்டும் குரூப் 1, 2015 முதல் சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியும் குரூப் 1. ஆனால் தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18% கூடுகிறது. சிகரெட்டோ நுரையீரல் புற்றுநோய் வாய்ப்பைப் பல மடங்கு ஆக்கிவிடுகிறது.

அடுத்து, ஆதாரம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். மனிதர்களிடம் செய்த ஆய்வா, எலிகளிடம் செய்ததா, இல்லை அந்தப் பொருள் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சியா? மூன்றையும் சேர்த்து எடைபோட்டுத்தான் நிபுணர் குழு முடிவெடுக்கும். சாக்கரின் என்ற செயற்கை இனிப்பு எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டியை உண்டாக்கியது, அதனால் 2பியில் இருந்தது. அப்புறம் அது எலியின் சிறுநீருக்கே உரிய காரணத்தால் வருவது, மனிதருக்குப் பொருந்தாது என்று தெரிந்ததும் 1999இல் 3க்கு இறக்கினார்கள்.

மனித ஆய்வில் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்பதற்கு நம் வெற்றிலைப் பாக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். புகையிலை சேர்த்து மெல்வது புற்றுநோய் உண்டாக்கும் என்று 1980களிலேயே முடிவாகிவிட்டது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு, சுண்ணாம்பு, வெற்றிலை மட்டும் என்றால்? நம் நாட்டில் பலர் புகையிலையும் சேர்த்தே போடுவதால் குற்றவாளி யார் என்று பிரித்துச் சொல்வது கடினம். தைவானில் பாக்கு மெல்பவர்கள் பொதுவாகப் புகையிலை சேர்ப்பதில்லை. அங்கே பலருக்குச் சிகரெட்டும் குடியும் உண்டு என்பதால் அவற்றின் பங்கைக் கணக்கில் கழித்துப் பார்த்தார்கள், அப்போதும் வாய்ப் புற்றுநோய் அதிகமாகவே இருந்தது. இப்படிச் சேர்ந்த சான்றுகளை வைத்து, 2004இல் வெளியான ஐஏஆர்சி தொகுப்பில் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கும், பாக்கு தனியாகவும் குரூப் 1க்குப் போயின. இது நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் பொருள் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

சரி, கடைசியாக அளவைப் பாருங்கள். செயற்கை இனிப்பான அஸ்பார்டேம் 2023இல் 2பி ஆனபோது தலைப்புச் செய்திகள் பறந்தன. அதே நேரத்தில் உணவுச் சேர்க்கைகளுக்கான நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. 70 கிலோ எடையுள்ளவர் வேறு எதிலும் அதைச் சாப்பிடவில்லை என்றால், அந்த வரம்பைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன் டயட் சோடாவுக்கு மேல் குடிக்க வேண்டும்.

பாக்கு விஷயத்தில் அப்படி ஒரு பாதுகாப்பான அளவு கிடையாது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள். பாக்கு மெல்பவருக்கு வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போனாலோ, காரம் பட்டதும் எரிந்தாலோ, வெள்ளைத் திட்டு தெரிந்தாலோ, தள்ளிப்போடாமல் பல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.