பட்டனை அழுத்தியது பிராசஸருக்கு எப்படித் தெரிகிறது? ஆர்டுயினோவில் செய்து பார்ப்போம்

கீபோர்டு, மவுஸ், பிரின்டர் என்று வெளியே எதை மாட்டினாலும் பிராசஸருக்கு அது என்ன சாமான் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகவரிகள்தான். இந்த முகவரியில் எழுது, அந்த முகவரியில் இருப்பதைப் படி, அவ்வளவே. இதைப் புத்தகத்தில் படித்தால் தூக்கம் வரும், கையால் செய்தால் ஒரு சாயங்காலத்தில் பிடிபட்டுவிடும்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஓர் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 (சின்ன பிராசஸர் சிப் வைத்த போர்டு; ஆர்4 வேண்டாம், அதன் சிப் வேறு), யூஎஸ்பி கேபிள், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் வயரைச் சொருகும் பலகை), புஷ் பட்டன், 10கே ரெசிஸ்டர், நாலைந்து ஜம்பர் வயர் வாங்கிக்கொள்ளுங்கள். எல்இடி வேண்டாம், போர்டிலேயே 13-ஆம் பின்னில் (பின் என்பது போர்டில் வயர் சொருகும், எண் போட்ட இடம்) ஒன்று இருக்கிறது. கேபிளை மட்டும் கடையிலேயே சோதித்து வாங்குங்கள், சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆகும் கேபிளைத் தலையில் கட்டிவிட்டால் திரும்பவும் அலைய வேண்டும்.

படி 1: முகவரியில் எழுதுவது

கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ மென்பொருளைத் திறந்து, அதன் எக்ஸாம்பிள்ஸில் விளக்கை மினுக்கும் 'பிளிங்க்' புரோகிராமைத் திறங்கள். விளக்கை ஏற்றும் வரியை அழித்துவிட்டு 'போர்ட்பி'யின் (PORTB) மதிப்பு 32 என்று எழுதுங்கள், அணைக்கும் வரியில் 0. சாதாரண வேரியபிளுக்கு எண் கொடுப்பது போலத்தான் கொடுத்தோம், ஆனால் விளக்கு மினுக்குகிறது! போர்ட்பி என்பது இந்தச் சிப்பின் டேட்டா மெமரியில் 37-ஆம் முகவரி. அதிலுள்ள 8 பிட்டில், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், 5-ஆம் பிட் 13-ஆம் பின்னோடு இணைந்திருக்கிறது, அதனால்தான் 32 (2-இன் 5-ஆம் அடுக்கு). வெளிச் சாமானை இப்படி மெமரி முகவரி மூலமாகவே இயக்குவதற்குப் பெயர் மெமரி மேப்டு ஐஓ.

படி 2: கேட்டுக்கொண்டே இருப்பது

இப்போது 'பட்டன்' எக்ஸாம்பிள். பட்டனின் ஒரு கால் 5 வோல்ட்டுக்கு, இன்னொரு கால் 2-ஆம் பின்னுக்கு, அதே பின்னிலிருந்து ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டுக்கு. ரெசிஸ்டர் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே விளக்கு எரிந்தது, போர்டே பழுது என்று ராத்திரி வரை உட்கார்ந்திருந்தேன்.

ஓடுகிறதா? சரி, லூப்பின் (புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கடைசியில் 3000 மில்லிசெகண்ட் 'டிலே' (சும்மா காத்திருக்கச் சொல்லும் வரி) சேர்த்துவிட்டு பட்டனைத் தட்டிவிட்டு எடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. மெட்ரோ வாட்டர் லாரி வந்துவிட்டதா என்று வாசலை எட்டி எட்டிப் பார்ப்பது மாதிரி இது, பார்க்காத நேரத்தில் வந்து போனால் போனதுதான். இதுதான் போலிங். வேறு வேலை பார்க்காமல் வாசலிலேயே நிற்கலாமே என்றால், 9600 பாட் சீரியலில் (ஒரே வயரில் பிட் பிட்டாக, செகண்டுக்கு 9600 பிட் அனுப்பும் வழி) ஓர் எழுத்து வந்து சேர சுமார் 1 மில்லிசெகண்ட் ஆகும், 16 மெகாஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 1.6 கோடி துடிப்பில், ஓடும் இந்தச் சிப்புக்கு அதற்குள் 16,000-க்கும் மேற்பட்ட துடிப்புகள் வீண்.

படி 3: இன்டரப்ட்

லாரிக்காரர் ஹார்ன் அடித்தால்? அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு ஓடிப்போய்த் தண்ணீர் பிடித்துவிட்டு, விட்ட தோசைக்கே திரும்பி வருவோம். இன்டரப்ட் என்பது அந்த ஹார்ன். அது வந்தால் பிராசஸரும் அப்படித்தான், அடுத்து செய்ய வேண்டிய வரியின் முகவரியை ஸ்டாக்கில் (மெமரியில் இதற்கென்று உள்ள இடம்) வைத்துவிட்டுப் போகிறது, முடிந்ததும் அங்கேயே திரும்புகிறது.

போர்ட்பிக்கு 32 கொடுக்கும் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி, செட்டப்பில் (தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் ஓடும் பகுதி) 'அட்டாச் இன்டரப்ட்' மூலம் 2-ஆம் பின்னோடு, 'ரைசிங்' (வோல்டேஜ் ஏறும்போது) என்று கொடுத்து இணையுங்கள். ஊனோவில் இதற்கு 2, 3 ஆகிய பின்கள் மட்டும்தான் ஆகும். லூப்பில் அந்த 3 செகண்ட் டிலேயும் அதன்பின் போர்ட்பிக்கு 0 கொடுப்பதும் மட்டும் இருக்கட்டும், மற்றதை எடுத்துவிடுங்கள். இனி டிலேயின் நடுவில் தட்டினாலும் விளக்கு உடனே எரியும்.

டிஸ்க் போன்றவை கத்தை கத்தையாக டேட்டா அனுப்புவதால் பிசியில் டிஎம்ஏ (டைரக்ட் மெமரி ஆக்சஸ்) என்று இன்னொரு வழியும் உண்டு: டேட்டா பிராசஸர் வழியாக வராமல் நேராக மெமரிக்குப் போய்விடும், எல்லாம் முடிந்தபின் ஒரு ஹார்ன். ஊனோவின் சிப்பில் அது இல்லை.

ஒரு எச்சரிக்கை, அந்தச் சின்ன ஃபங்ஷனுக்குள் டிலே போடாதீர்கள், போர்டு அப்படியே நின்றுவிடும். ஆர்டுயினோ நேரத்தை எண்ணுவதே இன்னொரு இன்டரப்ட்டை வைத்துத்தான், ஒரு ஹார்னுக்கு ஓடியிருக்கும்போது அடுத்த ஹார்ன் அதன் காதில் விழாது.