கூப்பிட்டால் வராத சிப்பிப்பாறைக் குட்டி: சரிசெய்த விதம்

வீட்டுக்குள் ஒரே குரலில் ஓடிவரும் ஆறு மாத நாய்க்குட்டி, காட்டில் முயலையோ ஆட்டையோ கண்டால் காதே கேட்காததுபோல் பாயும். திமிர் இல்லை. சிப்பிப்பாறை, கன்னி போன்றவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டைநாய் இனங்கள்; ஓட்டம் தொடங்கியபின் கூப்பிட்டுப் பயனில்லை. தலை திரும்பி, காது நிமிர்ந்து, உடல் விறைக்கும் அந்த ஒரு நொடியில்தான் கூப்பிட வேண்டும்.

இதைப் பழக்க 10 மீட்டர் நைலான் கயிறு போதும். கயிற்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாதீர்கள், மார்புப்பட்டையில் கட்டுங்கள். இவற்றின் தலை ஒடுக்கம் என்பதால் சாதாரணப் பட்டை உருவிக்கொள்ளும். பாய்ச்சலில் சுண்டினால் கழுத்தும் அடிபடும். கயிற்றைக் கையில் சுற்றவும் கூடாது, விரல் போய்விடும்.

சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது ஐந்தே நிமிடம். "வா" என்று ஒருமுறை மட்டும் சொல்லிப் பின்னோக்கி ஓடுங்கள். நாயை நோக்கி நடந்தால் அது விலகும். வந்ததும் வேகவைத்த கோழி ஈரல், பட்டாணி அளவு. பிடித்தவுடன் கட்டிப்போட்டால் "வா" என்றாலே விளையாட்டு முடிந்தது என்று கற்றுக்கொள்ளும். பத்தில் எட்டு முறையாவது மறுபடி ஓட விடுங்கள். தாமதமாக வந்தாலும் அடி, திட்டு வேண்டாம்.

ஈரலைவிடத் துரத்தல்தான் இதற்குப் பெரிய கூலி. குச்சி நுனியில் துணி கட்டி இழுத்து, வந்த பிறகு துரத்தவிட்டால் பலன் இரட்டிப்பு.

"உட்கார்" வேண்டாம், சதையில்லாத பின்பகுதிக்குக் கட்டாந்தரை வலிக்கும். "நில்" போதும்.