நடுவாந்தரப் பச்சை: பெயின்ட் கடையிலேயே ஆரம்பிக்கும் தவறுகள்

வெளிர் பச்சை சுவரில் அடங்கி இருக்கும். கரும்பச்சை என்றால் நாமே பயந்து ஒரு சுவரோடு நிறுத்திக்கொள்வோம். ஆளை ஏமாற்றுவது இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான். எங்கள் ஹாலுக்கு முருங்கை இலை நிறம் என்று நம்பி வாங்கியது, அடித்து முடித்த ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நின்றது. “காய்ஞ்சா சரியாயிடும்” என்றார் பெயின்டர். காய்ந்ததும் இன்னும் ஒரு படி கருத்தது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் பெரும்பாலும் அப்படித்தான்.

தவறு பெயின்டருடையது அல்ல. ஷேட் கார்டில் தபால்தலை அளவுக் கட்டத்தை, கடை ட்யூப் லைட்டுக்குக் கீழே பார்த்து முடிவு செய்தது நான். நான்கு சுவரிலும் அடிக்கும்போது ஒரு சுவரின் பச்சை எதிர்ச்சுவரில் விழுந்து நிறம் தூக்கலாகிவிடும். அதனால் கார்டில் பிடித்ததற்கு ஒரு படி வெளிறியதை எடுங்கள். இன்னும் நல்லது, சின்ன சாம்பிள் டப்பா வாங்கி வெள்ளை சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துப் பார்ப்பது. பழைய ரோஸ் சுவர்மேல் நேராக அடித்துப் பார்த்தால், சுற்றியுள்ள ரோஸ் பச்சையை இன்னும் பச்சையாகக் காட்டிக் கண்ணை ஏமாற்றும். பேப்பரை ஜன்னல் பக்கம் ஒரு நாள், எதிர்ச்சுவரில் ஒரு நாள் ஒட்டி, காலை எட்டு மணிக்கும் சாயங்காலமும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே மாமரம் இருந்தால் வெளிச்சமே பச்சையாகத்தான் உள்ளே வரும்.

ராத்திரி வெளிச்சம்தான் பலர் மறப்பது. 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் நீலம் கலந்த பச்சை குளிர்ந்து விறைத்த மாதிரி தெரியும். எங்கள் ஹாலில் நடந்தது அதுதான். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் ஆலிவ் சாயல் பச்சை கடுகு நிறத்துக்குச் சாயும். பல்பை முதலில் முடிவு செய்துவிட்டு அப்புறம் பெயின்ட் வாங்குங்கள். நான் கடைசியில் பல்பைத்தான் மாற்றினேன், செலவு குறைவு.

அடுத்தது தரை. ரெட் ஆக்சைடு தரைக்குப் பக்கத்தில் எந்தப் பச்சையும் இன்னும் பச்சையாகத் தெரியும். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று தூக்கிவிடும். அங்கே கிளிப்பச்சை வேண்டாம், சாம்பல் கலந்த பச்சை போதும். தேக்குக் கதவோடும் அது நன்றாகச் சேரும். ஐவரி டைல்ஸ் என்றால் சீலிங்குக்குப் பளீர் வெள்ளை அடிக்காதீர்கள், க்ரீம் சாயல் வெள்ளை பொருந்தும்.

துடைக்க வசதி என்று பளபள ஃபினிஷ் எடுத்தால், பட்டி (சுவரைச் சமன்செய்யப் பூசும் வெள்ளைப் பூச்சு) பார்த்ததில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் விளக்கு வெளிச்சத்தில் தெரியும். என் ஓட்டு பளபளப்பு இல்லாத மேட் (matt) ஃபினிஷுக்குத்தான். ஓதம் உள்ள சுவரில் அதைச் சரிசெய்யாமல் அடிக்கவே அடிக்காதீர்கள். வெள்ளைச் சுவரில் உப்பு பூத்தால் கண்ணில் படாது, பச்சையில் தேமல் மாதிரி தெரியும்.

சோபா உரசிப் பெயின்ட் பெயர்ந்த இடத்திலும் பட்டியின் வெள்ளை எட்டிப் பார்க்கும். ஒட்டுப் போட வேறு தடவை கலந்த பெயின்ட்டை வாங்கினால் நிறம் லேசாக மாறலாம். எல்லா லிட்டரையும் ஒரே நாளில் கலக்கி வாங்கி, அரை லிட்டரை இறுக்க மூடி வையுங்கள். மூடியில் உள்ள ஷேட் நம்பர் ஸ்டிக்கரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் டப்பாவில் அந்த ஸ்டிக்கர்மேலேயே பெயின்ட் வழிந்துவிட்டது.